லீன் விழுந்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 11

அண்ணா, கனடாவின் ஒன்ராறியோவில், பிரம்ப்டனில் ஒரு பல் வைத்தியசாலைக்கு உள்வேலை செய்கிறோம். மொத்த ஒப்பந்தம் 310,000 டொலர். டிரைவோல் (சுவர்ப் பலகை) வேலையை ஒருவரிடம் 62,000க்குக் கொடுத்தோம். அவருக்கு 55,800 கொடுத்து முடித்தாயிற்று. சட்டப்படி கொடுக்காமல் பிடித்து வைக்கும் பத்து வீதப் பிடித்தம் 6,200 எங்கள் கையில் இருக்கிறது. அவரோ பலகை வாங்கிய கடைக்குப் பணம் கட்டவில்லை. கடைக்காரர் 19,400க்கு வைத்தியரின் காணியின்மேல் லீன், அதாவது பாக்கிக்கான உரிமைக் கோரிக்கை, பதிந்துவிட்டார். வைத்தியர் எங்களுக்குத் தரவேண்டிய 74,000ஐ நிறுத்திவிட்டார். நான் யாருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்காதவன். ஒரே பலகைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டுமா? வழக்காடலாமா?

செப்டம்பர் 11, இரவு

தம்பி, காணியிலிருந்து லீனை இறக்குவது வேறு, லீனைத் தோற்கடிப்பது வேறு. வைத்தியருக்கு உங்கள் நியாயம் தேவையில்லை. அவருடைய காணிப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குக் கடன் கொடுத்த வங்கியும் அதைத்தான் கேட்கும்.

ஒன்ராறியோ கட்டுமானச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. லீன் தொகை முழுவதையும், வழக்குச் செலவுக்கென அதில் 25 வீதத்தையும் நீதிமன்றத்தில் கட்டினால், லீன் காணியை விட்டு இறங்கி அந்தப் பணத்தின்மேல் ஏறிக்கொள்ளும். அந்த 25 வீதம் 250,000 டொலரைத் தாண்டாது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கவலை இல்லை. உங்கள் கணக்கு 19,400 கூட்டல் 4,850, ஆக 24,250. ரொக்கம் இல்லாவிட்டால் லீன் பாண்ட், அதாவது பணத்துக்குப் பதிலாக ஒரு நிறுவனம் எழுதித் தரும் உத்தரவாதம், வாங்கிக் கொடுக்கலாம். கடைக்காரருக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் மனுப் போடலாம். 24,250ஐ முடக்கி 74,000ஐ வெளியே எடுக்கிறீர்கள். கோபத்தில் வைத்தியரோடு மோதினால் இரண்டுமே முடங்கும்.

இரண்டு தடவை கொடுக்க வேண்டுமா என்றால், இல்லை. பத்து வீதப் பிடித்தம் இருப்பதே இதற்காகத்தான். லீன் பற்றிய எழுத்து அறிவித்தல் உங்கள் கைக்கு வருவதற்கு முன் 90 வீதம் வரை கொடுத்திருந்தால் அந்தக் கொடுப்பனவுக்குப் பழுதில்லை. உங்கள் பொறுப்பு 6,200. மிச்சத்தைக் கடைக்காரர் டிரைவோல்காரரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 12

எழுத மறந்தது: பலகை இறக்கிய சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விடயங்களைப் பாருங்கள், தேதியும் இறக்கிய முகவரியும். டிரைவோல்காரர்கள் ஒரே கணக்கில் மூன்று இடத்து வேலைக்குப் பலகை எடுப்பார்கள். உங்கள் காணியில் இறங்காத பலகைக்கு உங்கள் காணியில் லீன் கிடையாது. மறுபக்கமும் உண்டு. உங்கள் காணியில் இறங்கியிருந்தால் போதும், சுவரில் ஏறியிருக்க வேண்டியதில்லை. மழையில் ஊறிக் குப்பைக்குப் போன பலகைக்கும் லீன் உண்டு.

செப்டம்பர் 14

மூன்று பேர் தனியாக எழுதி, "லீன் போட எத்தனை நாள்?" என்று கேட்டிருக்கிறார்கள். 60. முன்பு 45 ஆக இருந்தது, 2018 ஜூலை 1 முதல் 60 ஆனது. உப ஒப்பந்தக்காரருக்கும் கடைக்காரருக்கும் பெரும்பாலும் கடைசியாக வேலையோ பொருளோ கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வேலை கணிசமாக முடிந்ததற்கான சான்றிதழ் அதற்கு முன்பே வெளியாகியிருந்தால் அந்த நாளிலிருந்து. பதிந்தபின் தூங்கவும் முடியாது. அந்த 60 முடிந்து 90 நாளுக்குள் வழக்குத் தொடர்ந்து, அதற்கான சான்றிதழையும் காணிப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் லீன் செத்துப்போகும்.

என் அலுவலகச் சுவரில் ஸ்காபரோ பலசரக்குக் கடை இலவசமாகத் தந்த நாட்காட்டி தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், கௌரி நல்லநேரம் எல்லாம் உண்டு. அதிலேயே ஒவ்வொரு உப ஒப்பந்தக்காரரும் கடைசியாக வேலை செய்த நாளைச் சிவப்பு மையில் குறிக்கிறேன். நல்லநேரம் பார்த்து வேலை தொடங்கி அறுபதாம் நாளைப் பார்க்காமல் விட்டவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். நானும் ஒருவன்.

செப்டம்பர் 17

அந்தச் சிவப்பு மை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

2021 கடைசியில் ஒரு கடைத்தொகுதியில் வேலை. என் ஒப்பந்தம் 740,000. டைல் வேலையை 86,000க்கு ஒருவரிடம் கொடுத்தேன். நல்ல கைவேலைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். 2022 ஜனவரி 20ஆம் தேதி கடைசி டைலைப் பதித்து இடுக்குப் பூச்சு முடித்துவிட்டுப் போனார். பிடித்தம் 8,600 என் கையில். "கூடுதல் வேலை" என்று 32,600க்கு ஒரு பட்டியல் அனுப்பினார். ஒப்பந்தத்தில் இல்லை என்று நான் திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 28ஆம் தேதி 41,200க்கு லீன் விழுந்தது. ஜனவரி 20இலிருந்து எண்ணினால் மார்ச் 21 உடன் அறுபது முடிகிறது. அவர் பதிந்த லீன் கோரிக்கையில் கடைசி நாள் பெப்ரவரி 8 என்று இருந்தது. அப்படியானால் காலம் தாண்டவில்லை.

முதலில் உரிமையாளர் கத்தினார். 51,500ஐக் கட்டி லீனைக் காணியிலிருந்து இறக்கினேன். அதில் பாதி என் மனைவியின் சகோதரர் தந்த கடன். அடுத்த வாரம் வேலைத்தளத்து வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். கோவிட் காலத்தில் வாசலில் வைத்தது, யார் வந்தாலும் பெயரும் நேரமும் எழுத வேண்டும். பெப்ரவரி 8 பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. உள்ளே 10.05, வெளியே 10.20. காரணம் என்ற கட்டத்தில் அவரே தன் கையால், தமிழில் எழுதியிருந்தார்: "ஏணி, கலவை மெஷின்."

கட்டுமானச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி லீன் போட்டவரை விசாரணைக்கு முன்பே சத்தியத்தின்பேரில் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. இதைப் பயன்படுத்தாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு சின்ன அறை, தட்டெழுதும் பெண்மணி, மொழிபெயர்ப்பாளர். என் சட்டத்தரணி அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, "பெப்ரவரி 8 அன்று என்ன சப்ளை செய்தீர்கள்?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பார்த்தார். "ஏணியை எடுக்க வந்தேன்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

தன் ஏணியை எடுத்துக்கொண்டு போவது வேலை கொடுப்பது ஆகாது. லீன் போயிற்று, பணம் திரும்பியது. சட்டத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: மிச்ச வேலையின் பெறுமதி ஒப்பந்த விலையின் ஒரு வீதம் அல்லது 5,000 டொலர், இதில் எது குறைவோ அதற்குள் வந்துவிட்டால் வேலை முடிந்ததாகவே கொள்ளப்படும். அன்று அவர் இரண்டு உடைந்த டைலை மாற்றியிருந்தால்கூடத் தோற்றிருப்பார்.

செப்டம்பர் 18

மேலே கடைசியாக எழுதிய இரண்டு வரிகள் பிழை. என் சட்டத்தரணி இந்த இழையை வாசிக்கிறாராம், காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் பிடித்தார். அந்த ஒரு வீத விதி உரிமையாளருக்கும் பொது ஒப்பந்தக்காரருக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்துக்கு. உப ஒப்பந்தத்துக்கு அதை இழுக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த இரண்டு டைலை அவர் உண்மையாகவே பெப்ரவரி 8இல் பதித்திருந்தால் என் நிலை சங்கடமாகியிருக்கும். முடித்துக் கொடுத்த வேலையில் பிறகு பழுது பார்ப்பது வேறு கதை, அது நாளை நீட்டாது என்றார். எது முடிக்காத வேலை, எது பழுது பார்த்தல் என்பதில்தான் சட்டத்தரணிகளின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். இது நான் சொல்வது, அவர் சொன்னதல்ல.

செப்டம்பர் 18, மாலை

அதே மூச்சில் இன்னொரு திருத்தம், பிரம்ப்டன் தம்பிக்கு. "உங்கள் பொறுப்பு 6,200" என்று அடித்துச் சொன்னேன். அது உங்களுக்கும் டிரைவோல்காரருக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்துக்கான பிடித்தம். உங்கள் ஒப்பந்தத்துக்கான பிடித்தம் வைத்தியரின் கையில் வேறாக இருக்கிறது. கடைக்காரரின் சட்டத்தரணி அதையும் சுட்டிக் காட்டாமல் இருக்கமாட்டார். 6,200ஐ உங்கள் முதல் வாதமாக வைத்துக்கொள்ளுங்கள், வேதவாக்காக அல்ல.

செப்டம்பர் 26

தம்பி எழுதியிருக்கிறார். ஐந்து சீட்டுகளில் இரண்டில் மிசிசாகா முகவரி! 19,400இல் 7,250 அங்கேயே கழன்றுவிட்டது. இன்னும் 12,150.

"பொய் லீன் போட்டவனை என்ன செய்யலாம்?" என்று கொதிக்கிறார். 35ஆம் பிரிவு இருக்கிறது. தொகையை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கியவரோ, தனக்கு லீன் இல்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியும், போட்டவரோ அதனால் வந்த நட்டத்துக்குப் பொறுப்பு. ஆனால் கடையில் ஒரு பிள்ளை கணினியில் மொத்தக் கணக்கையும் ஒரே பட்டியலாக எடுத்துக் கொடுத்திருப்பாள், அது சதியல்ல. பிரிவின் பெயரைக் கடிதத்தில் ஒரு தடவை எழுதுங்கள், சீட்டுகளின் படியை இணையுங்கள். அதற்குமேல் கத்தவேண்டாம்.

அக்டோபர் 3

ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டார்: "அந்த 32,600க்கான வேலையை அவர் செய்தாரா, இல்லையா?"

ஐந்து நாளாகப் பதில் எழுதவில்லை.

செய்தார். பழைய கொங்கிரீட் தளம் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. அதை மட்டப்படுத்தாமல் டைல் பதிக்க முடியாது. என் மேற்பார்வையாளர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்: "நீங்கள் செய்யுங்கோ அண்ணை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பதினொரு வினாடி. அது என் தொலைபேசியில் இல்லை, அவருடையதில் இருந்தது. லீன் போன மகிழ்ச்சியில் நான் ஊருக்கெல்லாம் சோறு போடாத குறை. மூன்றாம் மாதம் கடிதம் வந்தது, லீனாக அல்ல, சாதாரணக் கடன் வழக்காக. லீன் செத்தாலும் கடன் சாகாது. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

அதோடு நம்பிக்கைப் பொறுப்பு என்று ஒன்று சேர்ந்து வந்தது. உரிமையாளரிடம் நாம் வாங்கும் பணம், அந்த வேலையில் உழைத்தவர்களுக்காக நாம் வைத்திருக்கும் பணம் என்பது சட்டம். அதை எடுத்து வேறு வேலைத்தளத்துச் சம்பளம் கொடுத்தால் 13ஆம் பிரிவு நிறுவனத்தைத் தாண்டி இயக்குநரின் வீட்டுக் கதவைத் தட்டும். "கம்பனி வேறு, நான் வேறு" அங்கே செல்லாது. நானும் அப்படிப் பணத்தைப் புரட்டியவன்தான். புரட்டாதவர் யாராவது இருந்தால் கை தூக்கட்டும்.

வழக்கு நீதிபதி வரை போகவில்லை. பிடித்தம் 8,600, மேலதிகமாக 21,000 கொடுத்து முடித்தேன். நான் சட்டத்தரணிக்குக் கொடுத்ததையும் கூட்டினால், முதல் நாளே 32,600ஐக் கொடுத்திருந்தால் மிச்சம் பிடித்திருப்பேன்.

அக்டோபர் 4

ஆகவே செப்டம்பர் 17இல் எழுதியதை வீரக்கதையாக வாசிக்க வேண்டாம். அந்த ஏணிப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல பகுதி.

அக்டோபர் 19

பேச்சு பாண்ட் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒருவர் நகரசபை நூலக வேலைக்கு விலை கொடுக்கப்போகிறாராம். "பாண்ட் கேட்கிறார்கள், அது காப்புறுதி மாதிரித்தானே?" என்கிறார்.

இல்லை ஐயா, இல்லவே இல்லை. ஒன்ராறியோவில் 500,000 டொலரும் அதற்கு மேலும் உள்ள அரச, நகரசபை ஒப்பந்தங்களுக்கு இரண்டு பாண்ட் கட்டாயம். ஒன்று வேலையை முடிப்பதற்கு, மற்றது கூலியும் பொருளும் கொடுப்பதற்கு. ஒவ்வொன்றும் ஒப்பந்த விலையில் குறைந்தது பாதிக்கு. நகரசபைக் காணியில் லீன் ஒட்டாது, ஆகவே உழைத்தவர்களுக்கு அங்கே பெரிய துணை பாண்ட்தான்.

காப்புறுதியில் விபத்து நடந்தால் நிறுவனம் கொடுத்துவிட்டுப் போய்விடும். பாண்ட் நிறுவனம் கொடுத்த அடுத்த நாளே உங்களிடம் வந்து திருப்பிக் கேட்கும். அதற்காகத்தான் தொடக்கத்திலேயே ஈட்டுறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என் வீட்டில் அந்தப் பத்திரம் வந்த இரவு நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மனைவி சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்து, "இதில் என் பெயரும் இருக்கிறதே, இந்த வீட்டையும் சேர்த்தா?" என்றாள். ஆம், இந்த வீட்டையும் சேர்த்துத்தான்.

ஆகவே உங்கள் பாண்டின்மேல் யாராவது கோரிக்கை வைத்தால் "அது பாண்ட்காரன் தலைவலி" என்று இருக்கவேண்டாம். விளக்கம் கேட்டு அவர்கள் அனுப்பும் கடிதத்துக்கு அந்த வாரமே பதில் போகவேண்டும். கணக்கேடு, கொடுத்த காசோலைகள், குறைபாட்டுப் படங்கள், நீங்கள் கழித்த தொகைக்கான காரணம் எல்லாம் சேர்த்து. கோரியவருக்கு எதிராக உங்களுக்கு என்ன வாதம் உண்டோ அதையே பாண்ட் நிறுவனமும் எடுத்து வைக்கலாம். நீங்கள் கொடுக்காததை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

பிறகு பாண்டையே எடுத்து வாசியுங்கள். பல படிவங்களில் கோருபவர் உங்களோடு நேரடி ஒப்பந்தம் உள்ளவராக இருக்கவேண்டும், கடைசி வேலையிலிருந்து 120 நாளுக்குள் அறிவித்திருக்கவேண்டும் என்று இருக்கும். படிவத்துக்குப் படிவம் மாறும். 120 நாள் தாண்டியவர், உங்கள் உப ஒப்பந்தக்காரரின் கடைக்காரர், இவர்களுடைய கோரிக்கைகள் அப்படிப்பட்ட படிவங்களில் அங்கே தடுக்கும். அதனால் பாண்ட் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் 121ஆம் நாள் பொங்கல் வைக்கலாம்.

அக்டோபர் 20

கடைசி வரி நகைச்சுவை. இரண்டு பேர் அதை ஆலோசனையாக எடுத்து நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஆகவே வெட்டுகிறேன்.

கனடா உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்த்த வலார்ட், பேர்ட் வழக்கு பாண்ட் இருப்பதைச் சொல்லாமல் விடுவதைப் பற்றியதுதான். அல்பேர்ட்டா எண்ணெய் மணல் பகுதியில் பேர்ட் பொது ஒப்பந்தக்காரர். தன்கீழ் வேலை செய்த மின் ஒப்பந்தக்காரரிடம் பேர்ட் பாண்ட் வாங்கி வைத்திருந்தது. அந்த மின் ஒப்பந்தக்காரர் நொடித்துப்போனார். அவருக்காக நிலத்தில் துளையிட்ட வலார்டுக்கு ஏறக்குறைய 660,000 டொலர் பாக்கி. பாண்ட் இருப்பதே தெரியாததால் 120 நாள் கடந்துவிட்டது. பாண்டைத் தன் பெயரில் வைத்திருந்தவர் அதன் பயனாளிகளுக்கான நம்பிக்கைப் பொறுப்பாளர், பாண்ட் இருப்பதை நியாயமான வழியில் தெரியப்படுத்தியிருக்க வேண்டும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்தப் பணத்துக்கு பேர்ட் பொறுப்பாயிற்று. தளத்திலிருந்த கொட்டகையில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது, அங்கே ஒரு தாளை ஒட்டியிருந்தாலே போதும்.

அதாவது உங்கள் உப ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் பாண்ட் வாங்கி வைத்திருந்தால், வாயை மூடிக்கொண்டிருப்பது உங்களுக்கே வினை. என் தளத்தில் இப்போது பாதுகாப்புத் தொப்பி அறிவிப்புக்குப் பக்கத்தில் பாண்ட் படி ஒட்டியிருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை. வாசிக்காமல் இருப்பது அவர்கள் விருப்பம்.

நவம்பர் 8

பிரம்ப்டன் தம்பியின் விவகாரம் முடிந்தது. நீதிமன்றத்தில் பணம் கட்டும் மனு தயாரான அன்றே கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். தம்பி 6,200ஐ நேரே கடைக்குக் கொடுத்தார், டிரைவோல்காரர் எழுதித் தந்த சம்மதத்தோடு. மிச்ச 5,950ஐ டிரைவோல்காரர் மூன்று தவணையில் கட்டுகிறார். லீன் இறங்கியது. வைத்தியர் 74,000ஐ விடுவித்தார், பல் சுத்தம் இலவசம் என்றாராம்.

சம்மதக் கடிதம் இல்லாமல் நேரே கடைக்குக் கொடுத்திருந்தால் டிரைவோல்காரர் நாளைக்கு வந்து "என் பிடித்தம் எங்கே?" என்று நின்றிருப்பார். அந்தத் தாள்தான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த தாள்.

நவம்பர் 9

"அடுத்த தடவை இது வராமல் இருக்க?" என்று தம்பி. வரும். குறைக்கலாம். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் முன் உப ஒப்பந்தக்காரரிடம், தன் ஆட்களுக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டேன் என்ற சத்தியப் பிரகடனம் வாங்குங்கள். பொய்யாக எழுதுகிறவர்களும் உண்டு, ஆகவே பெரிய கடைக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கூடுதல் வேலையை அன்றைக்கே எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது அன்றைக்கே எழுத்தில் மறுத்துவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை என் தளத்தில் தடை செய்திருக்கிறேன். மேற்பார்வையாளர் அதை மறுநாளே மீறினார், பெருநாள் விடுமுறை பற்றி.

2024 பெப்ரவரி 2

டைல்காரர் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: இப்போது என் மார்க்கம் வேலையில் இருக்கிறார். கை நல்ல கை என்று முன்பே சொன்னேனே. இந்தத் தடவை மட்டப்படுத்தும் வேலைக்கு முதலில் தாள், பிறகு கலவை. செவ்வாயன்று முடித்துவிட்டு ஏணியை மறந்து போய்விட்டார். நேற்று நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இறக்கினேன். தேதி போட்ட சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தேநீர் குடித்தேன்.